கடலுயிர்களின் கொடையும் நம் கடமையும்

மனிதகுலம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும், அழிக்கும் காடுகளும் ஆண்டுதோறும் வானில் சேர்க்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. 1958-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் அளவெடுக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டி நிற்கிறது. கடல் கைவிரித்திருந்தால் இந்த அளவை நாம் எப்போதோ எட்டியிருப்போம். வெப்பமும் இன்னும் கடுமையாகியிருக்கும். இத்துணைப் பெரிய கொடையை நாடுகள் எவ்வாறு கருதுகின்றன? காலநிலை பற்றிய அரசுப் பேச்சுகளில் கடல் பெரும்பாலும் அடிகாணா நீர்க்கொள்கலனாகவே எண்ணப்படுகிறது. அதனுள் வாழும் உயிர்கள் மீன்வளத் துறையின் பொறுப்பென ஒதுக்கப்படுகின்றன. இந்தப் பிரிவினை அடிப்படையிலேயே தவறானது. நீர்நிலைகளில் கரிமம் எங்கே தங்கும், எவ்வளவு காலம் தங்கும், எப்போது மீண்டும் வானேறும் என்பவற்றை அங்கு வாழும் உயிர்க்கூட்டம் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே நீர்வாழ் உயிர்களைக் காப்பதைக் காலநிலைக் கடமையின் பிரிக்க இயலா உறுப்பாக அரசுகள் ஏற்றாக வேண்டும்.

கடலில் அடங்கியுள்ள கரிமம் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி டன். வளிமண்டலத்தில் இருப்பதைப் போல இது நாற்பது மடங்குக்கும் மேல். இதில் பெரும்பகுதி நீரில் கரைந்த கனிம வடிவில் உள்ளது. குளிர்ந்த நீர் மிகுதியான வாயுவைக் கரைத்துக்கொண்டு துருவக் கடல்களில் ஆழத்துக்கு இறங்குவது இயற்பியலின் வேலை. மேற்பரப்பில் இருந்து கரிமத்தை எடுத்து ஆழத்தில் சேர்ப்பதில் உயிர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் கரிமத்தை ஒளிச்சேர்க்கையால் தம் உடலாக்குகின்றன. நிலத்துக் காடுகளும் புல்வெளிகளும் வயல்களும் சேர்ந்து செய்யும் பணிக்கு இது ஏறத்தாழ இணையானது. இவ்வளவு உழைக்கும் அப்பாசிகளின் மொத்த எடையோ, உலகத் தாவரங்களின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சில நாள்களிலேயே பிறந்து, பெருகி, உண்ணப்பட்டு மறையும் அவற்றின் வேகமே அவற்றின் ஆற்றல். அவற்றுள் மிகச் சிறியதும் எண்ணிக்கையில் மிகப் பெரியதுமான புரோகுளோரோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரை சாலி சிஸ்ஹோமும் அவர்தம் குழுவினரும் 1988-இல்தான் உலகுக்கு அறிவித்தனர். புவியின் காற்றைப் பேணும் முதன்மைப் பணியாளர்களில் ஒருவரை மனிதர் அறிந்துகொண்டு நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாசிகள் சேர்க்கும் கரிமத்தில் பெரும்பகுதி ஒளிபுகும் மேல்நீரிலேயே உண்ணப்பட்டு, மூச்சாக வெளியேறிவிடுகிறது. எஞ்சியது கீழே இறங்குகிறது. இறந்த பாசிகளும், மிதவை விலங்குகளின் கழிவுத் துகள்களும், பசைபோல் ஒட்டித் திரளும் கசடுகளும் ஓயாது ஆழத்தை நோக்கி வீழ்ந்துகொண்டே இருக்கின்றன. துடுப்புக்காலிகள், சிறுமீன்கள் முதலியன இரவில் மேலேறி இரைதேடி, விடியுமுன் இருண்ட ஆழத்துக்குத் திரும்பி, உண்டதன் ஒரு பகுதியை அங்கே விடுகின்றன. உலகில் நாள்தோறும் நிகழும் விலங்குப் பெயர்ச்சிகளுள் இதுவே மிகப் பெரியது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சென்ற கரிமம் மீண்டும் காற்றைக் காண நூற்றாண்டுகள் ஆகும். கடலடி மண்ணில் புதையும் மிகச் சிறு பங்கு பல இலட்சம் ஆண்டுகள் அங்கேயே உறங்கும். உயிர்களின் இந்த இறக்குமுறை இல்லையேல், வளிமண்டலத்தின் கரியமில வாயு இன்றுள்ளதைவிட 150 முதல் 200 பங்கு வரை மிகுந்திருக்கும் என்று அறிவியலாளர் கணிக்கின்றனர்.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவுறச் சொல்வது கடமை. மனிதர் புதிதாக வெளியிடும் வாயுவைக் கடல் இன்று வாங்கிக்கொள்வது பெரும்பாலும் கரைதல் என்னும் வேதியியலால் ஆவது. உயிர்களின் இறக்குமுறை தொன்றுதொட்டு நடைபெற்று வருவது. அது மாறாமல் இருக்கும்வரை நம் புதிய கடனை அது கூடுதலாக அடைப்பதில்லை. இதைக் காட்டி, உயிர்களைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் மறப்பது ஒன்று. தேங்கியிருக்கும் அணைக்கு மதகு புதுநீர் தருவதில்லை. ஆயினும் மதகு தளர்ந்தால் தேங்கிய நீர் நில்லாது. உயிர்களின் இறக்குமுறை சற்றே தளர்ந்தாலும், ஊழிக்காலமாக ஆழத்தில் அடைபட்ட கரிமம் மேலேறும் வழி அகலும். கடந்த பனியூழியில் காற்றில் கரியமில வாயு 190 பங்குக்கும் கீழே இருந்ததும், பனியூழி முடிந்தபின் 280 பங்கை எட்டியதும் அண்டார்க்டிக்காவின் பனிக்கட்டியில் பதிந்துள்ள சான்றுகள். அந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் கடலின் நீரோட்டங்களோடு கடலுயிர்களுக்கும் பங்கு இருந்தது என்பதே இன்றைய அறிவியலின் துணிபு. மாறாது என்று நாம் நம்பியிருப்பது முன்னரே மாறியிருக்கிறது.

எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்பதைப் பொறுத்தே கரிமத்தின் கதி அமைகிறது. மணற்சத்தாகிய சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் பாசிகள் கனமானவை. கூட்டமாகப் பெருகி விரைந்து மூழ்குபவை. மிகச் சிறிய பாசிகளோ மேல்நீரிலேயே சுழன்று கரையும். சுண்ணாம்பு ஓடு கட்டும் பாசிகள் ஓடு கட்டும்போதே கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. ஆனால் அவ்வோட்டின் கனமே பிற கரிமத்தை ஆழத்துக்கு இழுத்துச் செல்லவும் உதவுகிறது. தென்முனைக் கடலின் கிரில் இறால்கள் வெளியேற்றும் கனத்த கழிவுகள் விரைந்து ஆழம் சேர்கின்றன. திமிங்கிலங்கள் தம் கழிவால் மேல்நீருக்கு இரும்புச் சத்தை மீட்டளிக்கின்றன. இறந்தபின் தம் பேருடலோடு கரிமத்தையும் கடலடிக்குக் கொண்டு செல்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் தொழில்முறை வேட்டையில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அந்த நூற்றாண்டின் எண்ணெய்க் கணக்கில் அவை பீப்பாய்களாக எண்ணப்பட்டன; கடலின் வாழ்வில் அவை ஆற்றிய பணி எவர் ஏட்டிலும் ஏறவில்லை.

நம் இருபுறக் கடல்களே இதற்குச் சிறந்த பாடம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டி ஆழநீர் மேலெழுகிறது. குளிர்காலத்தில் வட அரபிக் கடலின் மேல்நீர் குளிர்ந்து கலங்குகிறது. இருமுறையும் ஊட்டச்சத்து பெருகிப் பாசி செழிக்கிறது. உலகின் வளமிக்க கடல்களுள் ஒன்றாகிய அரபிக் கடல் மிகுதியாகக் கரிமத்தை உட்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1990-களில் இந்தியக் கடலியலாளர் அளந்து கண்டதோ நேர்மாறு. மேலெழும் ஆழநீர் தன்னுடன் கொண்டுவரும் கரியமில வாயுவால், அக்கடல் வாங்குவதைவிட மிகுதியாக வெளியிடுகிறது. அதன் நடு ஆழத்தில் உலகின் மிகக் கடுமையான உயிர்வளிப் பஞ்ச மண்டலங்களுள் ஒன்று உள்ளது. இந்த நூற்றாண்டில் வட அரபிக் கடலின் குளிர்காலத்தில் டயாட்டம் பாசிகள் பெருகிய இடங்களில் நாக்டிலுகா என்னும் பச்சை ஒளிரும் உயிரி படர்ந்துவருகிறது. அதை உண்ண விரும்பும் உயிர்கள் சில மட்டுமே. பாசியிலிருந்து மீன்வரை செல்லும் உணவுச் சங்கிலி அங்கே திசைமாறி, சால்ப்பு என்னும் கூழுடல் உயிர்களையும் இழுதுமீன்களையும் நோக்கித் திரும்புகிறது.

வங்கக் கடலின் இயல்பு வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவை கொட்டும் நன்னீர், உப்புநீரின்மேல் ஓர் இலேசான படலமாய் மிதந்து, ஆழத்து ஊட்டச்சத்து மேலேறாதபடி தடுக்கிறது. அதனால் வங்கக் கடலில் பாசி குறைவு. ஆயினும் 1987-இல் தொடங்கி கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் ஆழத்தில் வண்டல் சேகரிப்பான்களை இறக்கி ஆய்ந்தபோது, அங்கே வியக்கத்தக்க அளவு கரிமம் ஆழம் சேர்வது தெரியவந்தது. ஆறுகள் சுமந்துவரும் நுண்மண் கரிமத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றுக்குக் கனம் கொடுத்து விரைந்து மூழ்கச் செய்கிறது. இமயத்தின் மண் படிந்து உருவான வங்க விசிறி, 3,000 கிலோமீட்டர் அளவுக்குப் பரந்த, உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி. நிலத்திலிருந்து ஆறுகள் கொண்டுவரும் கரிமத்தை அது சிதைவுறாமல் புதைத்துக் காக்கும் திறத்தை 2007-இல் வெளியான ஆய்வு நிறுவியது. மண்ணும் ஆறும் பாசியும் சேர்ந்து நடத்தும் வேள்வி அது. அந்த ஆறுகளை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? அணைகள் வண்டலையும் சிலிக்காவையும் மறித்து வைக்கின்றன. வயல்களும் நகரங்களும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கழிவாகக் கலக்கின்றன. டயாட்டத்துக்கு வேண்டிய சத்து குறைந்து, நச்சுப் பாசிகளுக்கு உகந்த சத்து கூடுகிறது. நீர்ப்பாசனத் திட்டங்களை வகுப்போர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்று கேட்பதே இல்லை.

பெருங்கடலுக்கு உரிய நியதி பெரிய ஏரிகளுக்கும் பொருந்தும். ஆறுகளும் ஏரிகளும் நிலத்துக் கரிமத்தைக் கடலுக்குக் கடத்தும் வெறும் வாய்க்கால்கள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். நிலம் ஆண்டுதோறும் நன்னீர்நிலைகளுக்கு அனுப்பும் ஏறத்தாழ 190 கோடி டன் கரிமத்தில் 90 கோடி டன்னே கடலை அடைகிறது என்றும், மீதி காற்றில் கலக்கிறது அல்லது ஏரிப்படுகையில் புதைகிறது என்றும் 2007-இல் ஒரு மதிப்பீடு காட்டியது. பின்வந்த மதிப்பீடுகள் அந்த அளவை இன்னும் உயர்த்தியுள்ளன. வட அமெரிக்காவின் சிற்றேரிகளில் நடத்திய சோதனை ஒன்று இதில் உயிர்களின் பங்கை விளக்கியது. பெருமீன்கள் நிறைந்த ஏரியில் சிறுமீன்கள் குறைய, அவற்றுக்கு இரையாகும் மிதவை விலங்குகள் பெருகிப் பாசியை மேய்ந்துவிட, ஏரி கரியமில வாயுவை வெளியிட்டது. சிறுமீன்கள் ஓங்கிய ஏரியிலோ மேய்வார் இன்றிப் பாசி செழித்து, அதே வாயுவை ஏரி உள்வாங்கியது. உணவுச் சங்கிலியின் உச்சியில் நிற்கும் ஒரு மீன், நீருக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் பரிமாற்றத்தையே திருப்பிவிட முடியும் என்பது 1997-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

ஆப்பிரிக்காவின் தங்கனிகா ஏரி 1,470 மீட்டர் ஆழமுடையது. தான்சானியா, காங்கோ சனநாயகக் குடியரசு, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளின் கரையோர மக்களுக்கு அதன் சிறுமீன்களே புரதம். அவ்வேரியின் மேல்நீர் வெப்பமுற்றுவர, மேல்நீரும் ஆழநீரும் கலப்பது குறைந்தது. ஆழத்தின் ஊட்டச்சத்து மேலே வரவில்லை. படுகை மண்ணில் பதிந்த கரிமச் சுவடுகளைப் படித்த கேத்தரின் ஓரெய்லி குழுவினர், பாசி உற்பத்தி ஏறத்தாழ 20 விழுக்காடு குன்றியிருக்கலாம் என்று 2003-இல் அறிவித்தனர். இவ்வாறு வெப்பம் கரிமச் சுழற்சியை நலிவித்தபோது ஏழைகளின் உணவும் நலிந்தது. காற்றை மாசுபடுத்தியதில் மிகச் சிறு பங்கே உடைய மக்கள் அதன் விலையைச் செலுத்துகின்றனர்.

சைபீரியாவின் பைக்கால் ஏரி உலகின் மிக ஆழமான ஏரி. அதன் ஆழம் 1,642 மீட்டர். பனிக்கட்டியாக உறையாத புறப்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கே உள்ளது. ஆண்டில் நான்கைந்து மாதம் உறைபனிப் போர்வையின்கீழ் கிடக்கும் அவ்வேரியில், பனி ஊடே புகும் வெயிலில் டயாட்டம் பாசிகள் வசந்தத்தில் செழிக்கின்றன. 1945-இல் மிகயீல் கோஷோவ் என்னும் அறிவியலாளர் அதன் நீரைச் சில நாளைக்கு ஒருமுறை எடுத்துச் சோதிக்கத் தொடங்கினார். அவருக்குப்பின் மகள் ஓல்கா கோஷோவா, அவருக்குப்பின் பேத்தி லியுபோவ் இஸ்மெஸ்தியேவா என மூன்று தலைமுறை அப்பணி அறுபடாமல் தொடர்ந்தது. போரின் இடிபாடுகளும் ஆட்சி மாற்றங்களும் பணமுடையும் அந்தப் பதிவேட்டை நிறுத்தவில்லை. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து இஸ்மெஸ்தியேவா வெளியிட்ட முடிவு உலகைத் திகைக்க வைத்தது: மேல்நீரின் வெப்பம் 1946 முதல் 1.21 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. பாசியின் நிறமியும் மிதவை விலங்குகளின் இனக்கலவையும் பெரிதும் மாறியிருந்தன. அவ்வளவு ஆழமும் குளிரும் உடைய ஏரி எளிதில் அசையாது என்ற நம்பிக்கையை அறுபதாண்டு அளவீடு உடைத்தது. அந்தக் குடும்பத்தின் பொறுமை இல்லாவிடின் பைக்காலின் மாற்றம் எவர் கண்ணிலும் பட்டிராது. நீர்நிலைகளின் கரிமம் பற்றிய நம் அறிவு முழுவதும் இத்தகைய இடையறா உழைப்பின்மீதே நிற்கிறது.

இவ்வளவு நுட்பமான ஒழுங்கை மனிதர் கைவைத்துத் திருத்திவிடலாம் என்னும் ஆசையும் எழுந்துள்ளது. தென்முனைக் கடல் போன்ற இடங்களில் இரும்புச் சத்தின் குறைவே பாசி வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஜான் மார்ட்டின் 1990 வாக்கில் எடுத்துரைத்தார். அவர் மறைந்த 1993-ஆம் ஆண்டே, பசிபிக் கடலில் இரும்பு தூவிய முதல் சோதனை அக்கருத்தை மெய்ப்பித்தது. அதன்பின், இரும்பு தூவிக் கரிமத்தைப் புதைத்து, அதை விற்பனைச் சரக்காக்கும் திட்டங்கள் தலைதூக்கின. 2004-இல் தென்முனைக் கடலில் நடந்த ஒரு சோதனையில் டயாட்டம் பாசிகள் பெருகி, அவற்றின் பாதியளவேனும் 1,000 மீட்டருக்குக் கீழே மூழ்கின. 2009-இல் வாஜி நக்வி, விக்டர் ஸ்மெடாசெக் ஆகியோர் தலைமையில் இந்தியாவும் ஜெர்மனியும் இணைந்து 'போலார்ஸ்டெர்ன்' கப்பலில் சென்று நடத்திய 'லோஹாஃபெக்ஸ்' சோதனையில் நிகழ்ந்தது வேறு. அங்கே நீரில் சிலிக்கா தீர்ந்திருந்தது, டயாட்டம் வளரவில்லை. வளர்ந்த மென்பாசிகளைத் துடுப்புக்காலிகள் மேய்ந்தன. ஆழம் சேர்ந்த கரிமம் மிகச் சொற்பம். இரண்டிலும் இட்டது ஒரே இரும்பு. விளைவை முடிவு செய்தது அங்கிருந்த உயிர்க்கூட்டம். அச்சோதனையை நடத்திய நம் அறிவியலாளர் உலகுக்குப் பெரும் பணி செய்தனர். அவர்கள் கண்ட உண்மையைப் புறந்தள்ளிவிட்டு, கடலில் எதையேனும் கொட்டிக் கரிம வரவு வாங்கலாம் என்று எவரேனும் முன்வந்தால், அதை இந்திய அரசு உறுதியாக மறுக்க வேண்டும். முறையான அறிவியல் ஆய்வுக்கு மட்டுமே இடம் என்று, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் இலண்டன் உடன்பாட்டு நாடுகள் 2008-இல் வகுத்த நெறி சரியானது. 2013-இல் அவை ஏற்ற திருத்தம் விரைந்து நடைமுறைக்கு வர வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவது, புதைபடிவ எரிபொருள்களை எரிப்பதைக் குறைப்பதே அனைத்துக்கும் மேலான கடமை. தொழிற்புரட்சிக்குப் பின் கடல்நீரின் அமிலத் தன்மை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியிருக்கிறது. கடல் நமக்காக ஏற்ற சுமை அதன் உயிர்களின் ஓடுகளையே அரிக்கத் தொடங்கிவிட்டது. எந்தக் கடற்பாதுகாப்புத் திட்டமும் ஓர் அனல்மின் நிலையத்துக்கு மன்னிப்புச் சீட்டாகக் கூடாது. இரண்டாவது, மீன்பிடி நெறி காலநிலை நெறியாகவும் மதிக்கப்பட வேண்டும். பாக் விரிகுடாவில் கடற்பசுக் காப்பகம் ஒன்றைத் தமிழ்நாடு 2022-இல் அறிவித்தது போற்றத்தக்கது. ஆவுளியா எனப்படும் அக்கடற்பசு மேயும் கடற்புல் மேடுகள் தம் வேரடி மண்ணில் கரிமத்தைச் சேமிப்பவை. அதே விரிகுடாவின் அடித்தரையை இழுவைமடிகள் வாரி இழுத்துக் கடற்புல்லைப் பெயர்ப்பதும் தொடர்கிறது. காப்பகம் ஏட்டிலும் இழுவைமடி கடலிலும் இருக்குமானால் அது காப்பு ஆகாது. விசைப்படகை நம்பி வாழும் குடும்பங்களுக்கு மாற்று வாழ்வை அரசே பொறுப்பேற்று அமைத்துத் தந்து, அடித்தரையைச் சுரண்டும் முறையை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். கடலைக் காக்கும் சுமை வலை இழுப்போர் தோளில் மட்டும் ஏற்றப்படுவது அறமன்று.

மூன்றாவது, ஆற்றுத் திட்டங்களின் மதிப்பீட்டில் கடலும் இடம்பெற வேண்டும்: முகத்துவாரத்தை அடையும் வண்டல், சிலிக்கா, நன்னீர் ஆகியவற்றின் அளவு, புதிய அணைக்கும் பாசனத் திட்டத்துக்கும் இசைவு தருமுன் கணிக்கப்பட வேண்டும். நான்காவது, அளவீடு இடையறாது நிகழ வேண்டும். உலகக் கடல்களில் மிதக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி வெப்பமும் உப்பும் அளக்கின்றன. உயிர்வளி, பாசி, அமிலத் தன்மை ஆகியவற்றை அளப்பவை அவற்றுள் சிறு பகுதியே. ஐதராபாத்தின் இந்தியக் கடல் தகவல் மையமும், சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் இத்தகைய மிதவைகளை வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் பெருக்க ஆண்டுதோறும் தடையற்ற நிதி வேண்டும். 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தில் கனிமம் தேடும் ஆர்வத்துக்குச் சற்றும் குறையாத இடம் உயிர்களையும் கரிமத்தையும் அளக்கும் பணிக்குக் கிடைக்க வேண்டும். ஆழ்கடலைத் தோண்டுமுன் அங்கு யார் என்ன பணி செய்கிறார் என்று அறிவதே முறை.

ஐந்தாவது, எந்நாட்டுக்கும் உரிமையில்லாத திறந்த கடலின் உயிர்வளத்தைக் காக்கும் உடன்படிக்கை 2023-இல் ஐக்கிய நாடுகள் அவையில் ஏற்கப்பட்டது. 2024-இல் இந்தியா அதில் கையொப்பமிட்டது. கையொப்பம் கடமையின் தொடக்கமே. கிரில்லும் நடுக்கடல் ஆழத்துச் சிறுமீன்களும் தீவனத் தொழிலின் புதிய வேட்டைப் பொருளாகிவரும் இந்நாளில், அவை கரிமத்தை ஆழம் சேர்க்கும் பணியையும் எடைபோட்டே பிடிப்பளவை வரையறுக்க வேண்டும் என்று இந்தியா உலக அவைகளில் உரத்துக் கூற வேண்டும். இந்தியப் பெருங்கடலின் கரையில் வாழும் கோடிக்கணக்கான மக்களின் சார்பாகப் பேசும் உரிமையும் பொறுப்பும் நமக்கு உண்டு.

கடலும் ஏரியும் நம் தவறுகளை ஏற்றுக்கொண்டே இருக்கும் என்று எந்த விதியும் உறுதி கூறவில்லை. அவற்றின் தாங்குதிறன் அவற்றில் வாழும் உயிர்களின் நலத்தில் இருக்கிறது. அந்நலம் நம் கைகளில் இருக்கிறது. காலநிலைக் கொள்கையை ஓர் அமைச்சகமும், மீன்வளத்தை மற்றோர் அமைச்சகமும், ஆறுகளை வேறோர் அமைச்சகமும் தனித்தனியே ஆளும் இன்றைய ஏற்பாடு இந்த உண்மையைக் காண இயலாமல் செய்கிறது. இம்மூன்றையும் ஒரே பொறுப்பின்கீழ் இணைத்து, கடற்கரிமத்துக்கென ஒரு தேசியத் திட்டத்தை நடுவண் அரசு வகுக்க வேண்டும்; கடலோர மாநிலங்களுக்கும் மீனவர் அமைப்புகளுக்கும் அதில் உரிய இடம் அளிக்க வேண்டும். அடுத்த தலைமுறை மூச்சுவிடப் போகும் காற்றின் தன்மையை இந்தத் தலைமுறையின் துணிவு முடிவு செய்யும். அந்தத் துணிவை நாட்டின் ஆட்சியாளரிடமிருந்து நாம் கோருகிறோம்.